நிலத்து நத்தைகளைப் பிரித்தறிவது எப்படி? நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் நான்கு விதமான நத்தைகள் உங்கள் கண்ணில் படுகின்றன. ஒன்று விரலளவு நீளம், கூம்பு வடிவம், பழுப்பு வரிகள். இன்னொன்று கோலிக்குண்டு போல உருண்டை. மூன்றாவது நெல்மணியைவிடக் கொஞ்சம் நீளம், ஊசி போலக் கூர்மை. நான்காவதன் ஓடு எவ்வளவு மெல்லியது என்றால் உள்ளே உடல் தெரிகிறது. இவை நான்கு வகையா, அல்லது ஒரே நத்தையின் வெவ்வேறு வயதா? நிலத்து நத்தைகளில் பொதுவாகக் காணப்படும் வகைகள் எவை, எந்த உறுப்பைப் பார்த்துப் பிரிப்பது? நிறத்தை வைத்தே நீங்கள் பிரிக்க முயன்றிருக்கிறீர்கள், அது குழப்பியிருக்கிறது. குழப்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பல வருடங்களாக ஓடுகளைத் தரம்பிரித்து, பெயரெழுதிப் பெட்டியில் வைக்கும் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நத்தையிடம் நிறத்தைக் கடைசியாகக் கேளுங்கள்.

முதலில் நேரான பதில். அவை ஒரே நத்தையின் பருவங்கள் அல்ல. ஊசி போன்றது வளர்ந்து கூம்பாக மாறாது. இதை உறுதியாகச் சொல்லக் காரணம் ஓடு வளரும் விதம். நத்தை முட்டையை விட்டு வரும்போதே ஓட்டோடுதான் வருகிறது. நண்டு போல மேலோட்டை உரித்துப் போடுவதில்லை, துறவி நண்டு போல வேறு ஓட்டுக்குக் குடிபோவதும் இல்லை. பிறந்த அன்று இருந்த ஓடு அப்படியே உச்சியில் நிற்கும். உடலைப் போர்த்தியிருக்கும் மேன்டில் என்ற சதைப்போர்வை, ஓட்டின் வாய் விளிம்பில் சுண்ணாம்பைச் சுரந்து சுரந்து சுற்றை நீட்டிக்கொண்டே போகிறது. எனவே ஒவ்வொரு நத்தையும் தன் குழந்தைப் பருவத்தைத் தலைக்கு மேல் சுமந்துகொண்டு திரிகிறது. பெரிய நத்தையின் குட்டி எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? அந்தப் பெரிய நத்தையின் உச்சியைப் பார்த்தாலே போதும்.

இதை உங்கள் தோட்டத்திலேயே சோதிக்கலாம். காலி ஓடு ஒன்றை எடுத்து உச்சியிலிருந்து சுற்றுகளை எண்ணுங்கள். அந்த ஊசி நத்தையில் ஒரு சென்டிமீட்டருக்குள்ளேயே ஏழெட்டுச் சுற்று வந்துவிடும். பெரிய கூம்பு நத்தைக்கு முழு வளர்ச்சியிலும் ஏழு முதல் ஒன்பது சுற்றுதான். ஏழெட்டுச் சுற்றை ஏற்கெனவே முடித்துவிட்ட சின்ன ஓடு பெரியதன் குட்டியாக இருக்க வழியே இல்லை. பெரியதன் உண்மையான குட்டி ஒரு சென்டிமீட்டரில் இருக்கும்போது குண்டாக, சில சுற்றுகளோடு மட்டும் இருக்கும். அளவையும் சுற்றையும் சேர்த்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்புறம் உதடு. ஓட்டின் வாய் விளிம்பை உதடு என்போம். பல இனங்களில் நத்தை முழு வளர்ச்சி அடைந்ததும் ஓட்டை நீட்டுவதை நிறுத்திவிட்டு உதட்டைத் தடிமனாக்குகிறது, அல்லது எக்காளத்தின் வாய் போல வெளியே மடிக்கிறது. உதடு தடித்திருந்தால் அது வளர்ந்த நத்தை, அதன் இறுதி அளவு அதுதான். உதடு காகிதம் போல மெல்லியதாக, தொட்டாலே உடைவதாக இருந்தால் பெரும்பாலும் இளம் நத்தை. பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், சில குடும்பங்களில் வளர்ந்த நத்தைக்கும் உதடு மடங்குவதில்லை. உங்கள் பெரிய கூம்பு நத்தையே அதற்கு உதாரணம்.

அடுத்து ஓட்டைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். சுற்றுகள் ஒரு நடுத்தண்டைச் சுற்றி ஏறுகின்றன. சில இனங்களில் அந்தத் தண்டு உள்ளே குழாய் போலக் காலியாக இருக்கும், அடியில் ஒரு துளை தெரியும். ஓட்டின் தொப்புள் என்று அதைச் சொல்லலாம். அகலமாகத் திறந்த தொப்புள், ஊசிமுனை அளவுத் தொப்புள், உதடு பாதி மறைத்த தொப்புள், முழுக்க மூடிய தொப்புள் என்று இனத்துக்கு இனம் மாறும். புகைப்படம் அனுப்புகிறவர்கள் நூற்றில் தொண்ணூறு பேர் ஓட்டை மேலிருந்து மட்டும் எடுத்து அனுப்புவார்கள். பெயர் சொல்லத் தேவையான செய்தி அடிப்பக்கம்தான் இருக்கிறது.

சுற்றும் திசையும் முக்கியம். உச்சி மேலே, வாய் உங்களைப் பார்த்தபடி ஓட்டைப் பிடியுங்கள். வாய் உங்கள் வலப்பக்கம் வந்தால் அது வலப்பக்க ஓடு, இடப்பக்கம் வந்தால் இடப்பக்க ஓடு. நிலத்து நத்தைகளில் மிகப் பெரும்பாலானவை வலப்பக்கம். தமிழில் எழுதும்போது இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் வலம்புரிச் சங்கு என்று போற்றும் அரிய சங்கு, இந்த முறையில் பிடித்துப் பார்த்தால் வாய் இடப்பக்கம் திறப்பது. சாதாரணமாகக் கிடைக்கும் இடம்புரிச் சங்கின் வாய் வலப்பக்கம். வழக்குச் சொல்லும் அறிவியல் பழக்கமும் நேர் எதிராக நிற்பதால், நத்தைக்கு வலம்புரி, இடம்புரி என்று எழுதாமல் வாய் எந்தப் பக்கம் என்று எழுதிவிடுவதே நல்லது.

வலப்பக்க இனத்தில் எப்போதாவது ஒரு நத்தை இடப்பக்க ஓட்டோடு பிறக்கும். 2016-இல் லண்டனில் அப்படி ஒரு தோட்டத்து நத்தை கிடைத்தது, ஜெரமி என்று பெயர் வைத்தார்கள். ஓடு திரும்பினால் உள்ளுறுப்புகளும் கண்ணாடிப் பிம்பம் போல இடம் மாறிவிடும். இனப்பெருக்கத் துளையும் எதிர்ப்பக்கம் போய்விடுவதால் சாதாரண நத்தையோடு இணைசேர முடிவதில்லை. நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்காக இன்னொரு இடப்பக்க நத்தையைத் தேடித்தரச் சொல்லிப் பொதுமக்களிடம் கேட்டார்கள். இணையும் கிடைத்தது. 2017-இல் ஜெரமி இறப்பதற்கு முன் பிறந்த குஞ்சுகள் எல்லாமே வலப்பக்க ஓட்டோடு பிறந்தன. திசையே உயிரைக் காப்பாற்றும் இடமும் உண்டு. ஜப்பானின் தென்கோடித் தீவுகளில் நத்தையை மட்டுமே குறிவைத்துத் தின்னும் ஒரு பாம்பு இருக்கிறது. வலப்பக்க ஓட்டிலிருந்து சதையை உருவ வசதியாக அதன் கீழ்த்தாடையில் வலப்பக்கம் பற்கள் அதிகம். இடப்பக்க ஓடுள்ள நத்தையைப் பிடித்தால் அதற்குச் சரியாக உருவ வராது, நத்தை தப்பிவிடுகிறது.

சரி, உடலுக்கு வருவோம். உயிருள்ள நத்தை ஊர்ந்துபோகும்போது தலையில் இரண்டு ஜோடிக் கொம்புகள் தெரியும். மேல் ஜோடி நீளமானது, அதன் நுனியில் கரும்புள்ளியாக இருப்பது கண். உருவத்தைத் தெளிவாகப் பார்க்கும் கண் அல்ல அது, வெளிச்சமும் நிழலும் அதற்குத் தெரியும். கீழ் ஜோடி குட்டை, தரையை மோந்தும் சுவைத்தும் பார்ப்பது அதன் வேலை. தொட்டவுடன் கொம்பு உள்ளே போவதைக் கவனித்துப் பாருங்கள். சட்டைக் கையை உள்பக்கமாக இழுத்தால் எப்படிப் போகுமோ அப்படி, நுனி முதலில் உள்ளே போகும். உடலின் வலப்பக்கம், ஓட்டின் விளிம்புக்குக் கீழே ஒரு துளை மெதுவாகத் திறந்து மூடும். அதுதான் மூச்சுத்துளை. உள்ளே நுரையீரலாக வேலை செய்யும் அறை இருக்கிறது.

வாய்க்குள் ராடுலா என்ற நாடா, அதில் வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கில் நுண்பற்கள். இலையை அது அரம் போல ராவியெடுக்கும். பாசி படிந்த கண்ணாடியில் நத்தை மேய்ந்துபோன பிறகு வளைந்து வளைந்து போகும் வெள்ளைக் கோடுகள் தெரிகிறதே, அவை ராடுலா ராவிய தடங்கள். கண்ணாடியின் மறுபக்கம் நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரியும். பாதத்தின் அடியில் கருமையான பட்டைகள் அலை அலையாக முன்னோக்கி ஓடும். அந்தத் தசை அலைகள்தான் நத்தையை நகர்த்துகின்றன. பாதத்தின் முன்பகுதிச் சுரப்பி ஊற்றும் கோழைமீது அது வழுக்கிக்கொண்டு போகிறது.

இரண்டு ஜோடிக் கொம்புள்ள இந்த நத்தைகள் பெரும்பாலும் இருபாலிகள், ஆணும் பெண்ணும் ஒரே உடலில். ஆனால் நிலத்தில் வாழ்வதெல்லாம் இந்தக் குடும்பம் இல்லை. ஈரமான காடுகளிலும் சுண்ணாம்புப் பாறைகளிலும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவற்றுக்கு ஒரே ஜோடிக் கொம்பு, கண் நுனியில் இல்லாமல் கொம்பின் அடியில் இருக்கும், ஆண் வேறு பெண் வேறு. பாதத்தின் பின்புறம் வட்டமான ஒரு மூடியைச் சுமந்து திரியும், உள்ளே போனதும் கதவு மாதிரி வாயை அடைத்துக்கொள்ளும். ஆசியக் காடுகளின் சைக்ளோஃபோரஸ் இப்படிப்பட்டது. ஓடு கனம், வாய் வட்டம். ஐரோப்பாவின் பொமாட்டியாஸ் எலிகன்ஸ் இன்னொன்று. அதன் பாதம் நீளவாட்டில் இரண்டாகப் பிரிந்திருப்பதால், இடது வலது என்று மாறிமாறி எடுத்துவைத்து நடப்பது போல இருக்கும். கடலிலிருந்து தனியாகக் கரையேறிய பரம்பரை இது. உள்ளே போன நத்தை மூடியால் வாயை அடைத்திருந்தால், நிறமும் அளவும் என்னவாக இருந்தாலும் இந்தப் பக்கம்தான் தேட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வறண்ட காலத்தில் மற்ற நத்தைகளும் வாயை ஒரு சவ்வால் அடைத்துக்கொள்ளும். அது உண்மையான மூடி அல்ல, காய்ந்த கோழை. எழுந்ததும் பிய்த்துப் போட்டுவிட்டு, அடுத்த முறை புதிதாகச் செய்துகொள்ளும். ரோமன் நத்தை குளிர்காலத்துக்குச் செய்யும் அடைப்பு மட்டும் சுண்ணாம்பு கலந்து கெட்டியாக இருப்பதால் மூடியோ என்று ஏமாற்றும். இந்த உறக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு அருங்காட்சியகத்தில் நடந்த ஒரு சம்பவம் உண்டு. எகிப்துப் பாலைவனத்து நத்தை ஒன்றை, காலி ஓடு என்று நினைத்து 1846 மார்ச்சில் பிரிட்டிஷ் மியூசியத்தில் அட்டையில் ஒட்டிவைத்தார்கள். 1850 மார்ச்சில் ஓட்டின் வாயில் புதிய சவ்வு தெரிந்தது. வெதுவெதுப்பான நீரில் போட்டார்கள், நத்தை வெளியே வந்து ஊர்ந்தது. காலி ஓடு என்று எதையும் பெட்டிக்குள் வைக்கும்முன் ஒரு மணி நேரம் ஈரத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இந்தக் கதையால் வந்தது.

இப்போது உங்கள் நால்வரில் முதலாவது. கூம்பு வடிவம், பழுப்பு வரி, விரல் நீளம் என்றால் ஆப்பிரிக்க ராட்சத நத்தையாக, அதாவது லிஸ்ஸாகாட்டினா ஃபுலிகாவாக, இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். பழைய நூல்களில் அகாட்டினா ஃபுலிகா என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. உறுதிசெய்ய நிறம் வேண்டாம், நடுத்தண்டைப் பாருங்கள். வாய்க்குள் இறங்கிவரும் தண்டு உதட்டோடு சீராக இணையாமல், கத்தியால் வெட்டியது போலச் சட்டென்று முடிந்திருக்கும். குட்டியிலும் இந்த வெட்டு உண்டு என்பதுதான் இந்த அடையாளத்தின் பெருமை. தண்டின் நிறம் வெள்ளை அல்லது நீலம் தோய்ந்த வெள்ளை, இளஞ்சிவப்பு இருக்காது. உதடு கூர்மையாகவே இருக்கும், வெளியே மடங்காது. ஓடு சாதாரணமாக 5 முதல் 10 சென்டிமீட்டர், அரிதாக 20 வரை போகும். ஒரே ஈட்டில் நூறு, இருநூறு முட்டைகள் இடும். முட்டை மஞ்சள் தோய்ந்த வெள்ளை, 4, 5 மில்லிமீட்டர், ஜவ்வரிசி போல மண்ணுக்குள் குவிந்து கிடக்கும்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்த இந்த நத்தை இன்று வெப்பமண்டலம் முழுக்கப் பரவியிருக்கிறது. இந்தியாவுக்கு அது வந்தது 1847-இல். வில்லியம் பென்சன் என்பவர் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் விட்டார். 1966-இல் ஒரு சிறுவன் ஹவாயிலிருந்து மூன்று நத்தைகளை மயாமிக்கு எடுத்துப்போனான். அவை தோட்டத்தில் விடப்பட்டுப் பெருகி, ஒழித்துமுடிக்க 1975 வரை ஆனது, ஏறத்தாழ 18,000 நத்தைகள் பிடிக்கப்பட்டன. 2011-இல் அங்கே மறுபடி தலைகாட்டியது. நான் இதைச் சொல்லக் காரணம், குட்டி நத்தையை அழகாக இருக்கிறதே என்று வேறு ஊருக்கு எடுத்துப்போகாதீர்கள். அதோடு இந்த நத்தை எலி நுரையீரல் புழுவைச் சுமக்கக்கூடியது, மனிதருக்குள் போனால் அது மூளைக்காய்ச்சலை உண்டாக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள், தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நத்தை ஊர்ந்த கீரையை நன்றாக அலசிச் சமைத்துச் சாப்பிடுங்கள்.

இதன் உறவினரான அகாட்டினா அகாட்டினா, மேற்கு ஆப்பிரிக்காவின் புலி நத்தை, இன்னும் பெரியது. 1976-இல் சியரா லியோனில் பிடிபட்ட ஒன்றுக்கு ஓடு மட்டுமே 27.3 சென்டிமீட்டர், நீட்டியபோது மொத்த உடல் 39.3 சென்டிமீட்டர், எடை 900 கிராம். உலகிலேயே பெரிய நிலத்து நத்தை என்ற பதிவு அதற்குத்தான். எதிர்க்கோடியில் வியட்நாமிலிருந்து 2022-இல் விவரிக்கப்பட்ட ஆங்குஸ்டோபிலா சாமியோன், உயரம் அரை மில்லிமீட்டர் அளவு. ஒரு மணல்துகளைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுகளை எண்ணுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதான ஊசி நத்தை பற்றியும் ஓரளவு தைரியமாகப் பேசலாம். பூந்தொட்டி மண்ணிலும் மட்கிய இலைக்கடியிலும் கிடைக்கும் இப்படிப்பட்ட நத்தைகளில் உலகெங்கும் பரவியவை இரண்டு: அல்லோபியஸ் கிரேசிலி, சுபுலினா ஆக்டோனா. இரண்டுமே ஒளி புகும் மெல்லிய ஓடு, மெழுகு நிறம், உயரமாக அடுக்கிய சுற்றுகள். சுபுலினா கொஞ்சம் பெரியது, 14 முதல் 17 மில்லிமீட்டர் வரை. அதன் நடுத்தண்டும் ராட்சத நத்தையைப் போல வெட்டுப்பட்டு முடியும். அல்லோபியஸில் அந்த வெட்டு இல்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் ஒரு நிமிட வேலை. சுபுலினாவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இன்னொரு காட்சி கிடைக்கும். ஓட்டுக்குள் வெள்ளை முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக, பாசிமணி கோத்தது போலத் தெரியும்.

இரண்டாவதான உருண்டை நத்தைதான் கடினம், ஏனென்றால் உருண்டை நத்தைகள் ஏராளம். வெப்பமான இடங்களில் மிகவும் பரவியது பிராடிபீனா சிமிலாரிஸ். 12 முதல் 16 மில்லிமீட்டர் அகலம், ஐந்து அல்லது ஐந்தரைச் சுற்று, தொப்புள் திறந்திருக்கும், உதடு லேசாக வெளியே மடிந்திருக்கும். சிலவற்றில் பழுப்பு நிறத்தில் ஒரே ஒரு வளையம் ஓடும், சிலவற்றில் அதுவும் இருக்காது. மிதவெப்ப நாடுகளில் தோட்டத்து நத்தை என்றால் அது கார்னு ஆஸ்பெர்சம். 25 முதல் 40 மில்லிமீட்டர், நாலைந்து சுற்று, பழுப்பில் மஞ்சள் தெறித்தது போன்ற சுருக்கம் விழுந்த ஓடு, வளர்ந்ததற்கு வெள்ளை உதடு, தொப்புள் மூடியிருக்கும். இணைசேரும்போது சுண்ணாம்பாலான ஒரு கூர் அம்பை இணையின் உடலில் குத்தும் நத்தைகளில் இதுவும் ஒன்று. உணவுக்காகப் பெயர்பெற்ற ரோமன் நத்தை, ஹெலிக்ஸ் பொமாட்டியா, அதைவிடப் பெரியது, வெளிறிய நிறம், 3 முதல் 5 சென்டிமீட்டர். கூண்டில் இருபது வருடம் வரைகூட வாழும்.

உருண்டை நத்தைகளில் ஒன்றைப் பற்றி மட்டும் நின்று பேச வேண்டும். நிறம் ஏன் ஏமாற்றும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஐரோப்பாவின் சிபேயா நெமோராலிஸ் என்ற நத்தை மஞ்சள், இளஞ்சிவப்பு, பழுப்பு என்று மூன்று அடிநிறங்களில் வரும். அதன்மேல் கரும்பட்டைகள் ஒன்றுமில்லாமல் இருக்கலாம், ஐந்து வரை இருக்கலாம், பக்கத்துப் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்யலாம். ஒரே புதரில் பொறுக்கிய இருபது ஓடுகளைத் தட்டில் பரப்பினால் பத்து இனங்களின் சேகரிப்பு என்றுதான் நினைப்பீர்கள். எல்லாம் ஒரே இனம். பாட்டுப்பறவையான திரஷ் இந்த நத்தைகளைக் கல்லில் மோதி உடைத்துத் தின்னும். அந்தக் கல்லடியில் கிடக்கும் உடைந்த ஓடுகளையும் சுற்றுப்புறத்தில் உயிரோடு இருப்பவற்றையும் எண்ணி ஒப்பிட்டு, கெய்ன், ஷெப்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1950-களில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: புல்வெளியில் மஞ்சளும் பட்டையும், காட்டுத் தரையில் பழுப்பும் பட்டையின்மையும் பறவையின் கண்ணுக்குத் தப்புகின்றன. அது ஒரு காரணம் என்பது உறுதி. அதுமட்டுமே காரணமா என்பதில் கருத்து வேறுபாடு நீண்டகாலமாக உண்டு. வெயிலில் கரிய ஓடு சீக்கிரம் சூடாவது போன்ற காரணங்களும் சேர்ந்து வேலை செய்கின்றன. இதற்கு உடன்பிறப்பு போன்ற சிபேயா ஹார்டென்சிஸும் அதே நிறங்களில் வரும். இரண்டையும் பிரிப்பது உதடு: முன்னதற்குப் பெரும்பாலும் கரும்பழுப்பு, பின்னதற்கு வெள்ளை. அதிலும் விதிவிலக்குகள் இருப்பதால், சந்தேகம் வந்தால் இணைசேரப் பயன்படும் அம்பின் வடிவம் வரை பார்க்க வேண்டியிருக்கும்.

ஓட்டின் வெளிப்புறத்தில் மெல்லிய தோல் ஒன்று இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். புரதத்தாலான அந்தத் தோலுக்குக் கீழேதான் சுண்ணாம்பு அடுக்கு. வயதானால், வெயில்பட்டால் தோல் உரிந்து ஓடு வெளுத்துவிடும். இறந்த நத்தையின் ஓடு வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்து வெள்ளை நத்தை இனம் என்று எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு. பப்புவா நியூ கினியின் மானஸ் தீவில் மரகதப் பச்சை நத்தை இருக்கிறது. அதன் பச்சை முழுவதும் இந்தத் தோலில்தான், தேய்ந்துபோனால் அடியில் மஞ்சள் தெரியும். உண்மையிலேயே வெள்ளையான நத்தைகளும் உண்டு, மத்தியதரைக் கடலோரத்துத் தீபா பிசானா போல. சூடான தரையை விட்டுச் செடித்தண்டிலும் வேலிக்கம்பத்திலும் அவை கொத்துக்கொத்தாக ஏறி ஒட்டிக்கொண்டிருக்கும்.

நான்காவது, கண்ணாடி நத்தை. இதில் எனக்கு இரண்டு சந்தேகங்கள். மூன்று நான்கு சுற்றுக்குள் முடிந்து, கடைசிச் சுற்று மிகப் பெரிதாகி, வாயே ஓட்டின் உயரத்தில் பாதிக்கு மேல் இருந்தால் அது சக்ஸினியா குடும்பம். அம்பர் என்ற மஞ்சள் கலந்த மரப்பிசின் கல்லின் நிறம் என்பதால் அதை அம்பர் நத்தை என்பார்கள், தண்ணீருக்கு அருகே ஈரமான இடங்களில் இருக்கும், கீழ்க்கொம்பு மிகச் சிறியது. மாறாக ஓடு தட்டையாக, எண்ணெய் தடவியது போலப் பளபளத்தால் உயிரோடு இருக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். சதைப்போர்வையின் மடல்கள் ஓட்டின்மேல் நாக்கு போல ஏறி நக்குகின்றனவா? வாலின் முனையில் சின்னக் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கிறதா? இரண்டும் இருந்தால் ஆசிய வெப்பமண்டலத்தின் ஏரியோஃபாண்டா, ஹெலிகேரியன் கூட்டத்தைச் சேர்ந்தது. அந்த மடல்கள் தேய்த்துத் தேய்த்துத்தான் ஓடு மினுங்குகிறது. இவற்றில் சில, ஓட்டுக்குள் முழுசாக நுழையவே முடியாத அளவுக்கு ஓடு சுருங்கி, நத்தைக்கும் ஓடில்லாத நத்தைக்கும் நடுவில் நிற்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் இண்ட்ரெல்லா ஆம்புல்லா அப்படி, மெல்லிய சின்ன ஓட்டுக்குக் கீழே ஆரஞ்சும் சிவப்புமாகப் பெரிய உடல். மழை நாளில் அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

பொதுவானவை என்று நீங்கள் கேட்டதால் இன்னும் மூன்றைத் தொட்டுவிட்டு நிறுத்துகிறேன். கதிர் போன்ற நீண்ட ஓடும் இடப்பக்க வாயும் இருந்தால் கிளாசிலியா குடும்பத்துக் கதவு நத்தையைத் தேடுங்கள். வாய்க்குள் வழுக்கி மூடும் கரண்டி வடிவச் சிறு கதவு இருக்கும். வளர்ந்த நீள ஓட்டின் உச்சி உடைந்தது போல மொட்டையாக இருந்தால் ரூமினா டெகொலாட்டா. அது விபத்தல்ல, வளரும்போது பழைய சுற்றுகளை உள்ளே சுவரெழுப்பி அடைத்துவிட்டுத் தானே உதிர்த்துவிடும். மற்ற நத்தைகளையும் தின்னும் இனம் அது. தின்னுவதில் பெயரெடுத்தது யூக்லாண்டினா ரோசியா, இளஞ்சிவப்புக் கதிர் ஓடு, வாயருகே மீசை போல நீண்ட இரண்டு உதடுகள், அவற்றால் இரையின் கோழைத் தடத்தை மோந்து துரத்தும். ராட்சத நத்தையைக் கட்டுப்படுத்தலாம் என்று 1955-இல் அதை ஹவாயில் விட்டார்கள், அது உள்ளூர் மரநத்தைகளைத் தின்று தீர்த்தது. அந்த மரநத்தைகளில் ஒன்றான அகாட்டினெல்லா அபெக்ஸ்ஃபுல்வா இனத்தின் கடைசி நத்தை, ஜார்ஜ் என்று அழைக்கப்பட்டது, 2019 ஜனவரி 1 அன்று கூண்டில் இறந்தது. இதை எழுதும்போது இன்றும் மனம் கனக்கிறது.

இந்த முறைக்கு எல்லை எங்கே என்றும் சொல்ல வேண்டும். ராட்சத நத்தையை ஓட்டை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லலாம். ஊசி நத்தையை லென்ஸ் வைத்து இனம்வரை சொல்லலாம். உருண்டை நத்தையை வளர்ந்த ஓடு கிடைத்தால் சொல்லலாம், இளசாக இருந்தால் குடும்பத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. அம்பர் நத்தைகளிலோ அறுத்து இனப்பெருக்க உறுப்பைப் பார்க்காமல், அல்லது மரபணு பார்க்காமல் இனப்பெயர் எழுதுகிறவரை நம்ப வேண்டாம், எவ்வளவு அனுபவம் உள்ளவராக இருந்தாலும். ஓடு அங்கே அவ்வளவு குறைவாகத்தான் பேசும்.

ஆகவே அடுத்த மழைக்குப் பிறகு உருண்டை நத்தைக்கும் கண்ணாடி நத்தைக்கும் மும்மூன்று படங்கள் எடுங்கள்: உச்சி மேலே, வாய் உங்களைப் பார்த்தபடி ஒன்று, கவிழ்த்துத் தொப்புள் தெரிய ஒன்று, உயிரோடு ஊரும்போது வாலும் கொம்பும் தெரிய ஒன்று. பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள், நாணயம் வேண்டாம், மில்லிமீட்டர் கோடு தெரிய வேண்டும். அவற்றை அனுப்பினால் இரண்டாவதற்குப் பெயர் சொல்ல முயல்கிறேன், நான்காவது எந்தக் குடும்பம் என்பதையாவது சொல்லிவிடலாம்.